புதுப்பிப்பு: 2013 ஐமேக்கில் சோனோமா, வைஃபையும் திரைத் திணறலும் சரியாகிவிட்டன

2013 செப்டம்பரில் வெளியான 27 அங்குல ஐமேக்கில் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் (ஆப்பிள் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய மேக்குகளில் புதிய மேக்ஓஎஸ்ஸை நிறுவ உதவும் மென்பொருள்) வழியாக மேக்ஓஎஸ் சோனோமாவை நிறுவிய பின் வைஃபை காணாமற்போய்விட்டது, சாளரத்தை நகர்த்தினாலே திரை திணறுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

திணறலுக்குக் காரணம் ரேம் அல்ல, எனவே அதை மாற்றும் தேவை எழவில்லை. ஈதர்நெட் கேபிளைச் செருகிவிட்டு, பேட்சரிலுள்ள ரூட் பேட்ச் (நீக்கப்பட்ட டிரைவர்களை சிஸ்டத்தில் திரும்பச் சேர்க்கும் வசதி) செய்யச் சொன்ன யோசனையே தீர்வாக அமைந்தது. இந்தக் கணினிக்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்த கடைசி மேக்ஓஎஸ் பதிப்பு கேட்டலினா. இதிலுள்ள என்விடியா கெப்ளர் கிராஃபிக்ஸுக்கான டிரைவர் அதற்குப் பிந்தைய பதிப்பான மான்டெரேயிலும், பிராட்காம் வைஃபை அட்டைக்கான டிரைவர் சோனோமாவிலும் நீக்கப்பட்டுவிட்டதால், நிறுவல் முடிந்ததும் இரண்டையும் பேட்சர்தான் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதற்கான கூடுதல் கோப்புகளை அது இணையத்திலிருந்து இறக்குவதால் கேபிள் இன்றியமையாததாகிறது. மறுதொடக்கம் செய்ததும் சாம்பல் பட்டையாக நின்ற டாக் (செயலிச் சின்னங்கள் இருக்கும் பட்டை) மீண்டும் ஒளிபுகத் தெரிந்தது, மேல்பட்டையில் வைஃபை சின்னமும் வந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: அடுத்த சிறு புதுப்பிப்பை நிறுவியவுடன் பேட்சுகள் அனைத்தும் அழிந்து, பழைய திணறல் அப்படியே திரும்பியது. புதுப்பிப்பு சிஸ்டம் பகுதியையே புதிதாக எழுதிவிடுவதுதான் காரணம். ரூட் பேட்சை மறுபடி ஓட்டினால் போதும், தரவுகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆகவே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வைப்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். பென்டிரைவ் இல்லாமல் கணினி தொடங்க வேண்டுமானால், கணினியைத் தொடக்கிவைக்கும் ஓப்பன்கோரை நிறுவல் பென்டிரைவில் மட்டுமின்றி உள்வட்டிலும் நிறுவிவிட வேண்டும்.