சூரியனுக்குள் கரும்பொருளைத் தேடுவது வீண் வேலையா?

சந்தேகப்பிராணி:
தென்துருவப் பனிக்குள் ஒரு கன கிலோமீட்டர் அளவில் 5,160 ஒளியுணரிகளைப் புதைத்து 2010 டிசம்பரில் ஐஸ்கியூபை முடித்தார்கள்; நியூட்ரினோ என்ற, எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளைப் பிடிக்கும் கருவி அது. அதை வைத்துக் கரும்பொருளையும், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தடம் காட்டும் பொருளையும், தேடுகிறார்கள். இதுவரை கிடைத்தது பூஜ்யம். நியூட்ரினோ சிக்குவதே குதிரைக்கொம்பு, அதைக்கொண்டு இன்னொரு மாயாவியைப் பிடிக்கவா?

வான்குருவி:
கரும்பொருளுக்காக அதைக் கட்டவில்லை அண்ணே. விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் நியூட்ரினோதான் முதல் வேலை, அதை 2013-இலேயே காட்டிவிட்டார்கள். இந்தத் தேடல் அதே தரவில் ஓசியில் நடப்பது.

கரும்பொருள் இதுவாக இருக்கலாம் என்று கருதப்படும் கனத்த 'விம்ப்' துகள்கள் இருந்தால், சூரியனைக் கடக்கும்போது சில புரோட்டான்மேல் இடித்து வேகம் குறைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 460 கோடி ஆண்டுகளாக மையத்தில் சேர்ந்து, ஒன்றோடொன்று மோதி அழியும். அதில் பிறப்பவற்றில் நியூட்ரினோ மட்டுமே தப்பி வெளியே வரும். சூரியன் எரிவதால் வரும் நியூட்ரினோ 20 மெகா எலக்ட்ரான்வோல்ட்டைத் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) தாண்டாது. அதே திசையிலிருந்து ஆயிரம் மடங்கு ஆற்றலில் வந்தால் யார்மேல் பழி போடுவீர்கள்?

சந்தேகப்பிராணி:
அண்டக்கதிர்மேல், அதாவது விண்வெளியிலிருந்து பாயும் அதிவேகத் துகள்கள்மேல், போடுவேன். அது சூரியனின் வெளி வாயுவில் மோதினாலும் அப்படித்தான் வரும்.

வான்குருவி:
சரி, அது நியாயமான கேள்வி. ஆனால் அவற்றின் எண்ணிக்கை மிகக் குறைவு. அப்புறம், விம்ப் தரும் நியூட்ரினோவின் ஆற்றல் அந்த விம்ப்பின் நிறைக்கு மேல் போகாது, அங்கேயே அறுந்து நிற்கும். அண்டக்கதிருக்கு அந்த வரம்பு கிடையாது.

மூன்றாம்பெஞ்ச்:
புரியாமல் கேட்கிறேன். சுரங்கத்தில் திரவ செனான் தொட்டி வைத்து, விம்ப் வந்து இடிக்கிறதா என்று நேராகவே தேடுகிறார்களே, போதாதா?

வான்குருவி:
செனான் அணுக்கருவின் தற்சுழற்சி (ஸ்பின்) பெரும்பாலும் நியூட்ரானால் வருவது. புரோட்டானின் தற்சுழற்சியோடு மட்டும் உறவாடும் விம்ப் என்றால் அதற்குச் சரியாகத் தெரியாது. சூரியனிலோ பெரும்பகுதி ஹைட்ரஜன், அதாவது வெறும் புரோட்டான்.

சந்தேகப்பிராணி:
அதற்குத்தான், புரோட்டானால் தற்சுழற்சி பெறும் ஃபுளூரின் வைத்து பிக்கோ என்ற கரும்பொருள் சோதனை நடக்கிறதே, கனடாவில். என் அடிப்படைக் கேள்வியைத் தொடவே இல்லை நீங்கள். கரும்பொருள் தனக்குள் மோதி அழியாத வகையாக இருந்தால்? உங்கள் கதை முதல் வரியிலேயே முடிந்தது. ஒன்றும் வராவிட்டால், விம்ப் இன்னும் எப்படி இருக்க முடியும் என்பதன் "வரம்பைக் குறுக்கினோம்" என்று ஒரு கட்டுரை.

வான்குருவி:
அழியாத வகை என்றால் இந்த வழி செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரம்பைக் கேலி செய்யாதீர்கள், அது எத்தனை மாதிரிகளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது! இன்னொரு வேடிக்கை: 2024-இல் கரும்பொருளுக்கென்று வைத்த செனான் தொட்டிகளில் சூரிய நியூட்ரினோவின் தடயம் தெரிந்தது.

சந்தேகப்பிராணி:
அப்போ இரண்டு தரப்பும் கருவியை மாற்றிக்கொள்ளலாமே.