பெரிசைட்: ‘கொழுகொம்புச் செல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

சர்க்கரை நோயாளிகளுக்கான கண் கையேட்டில் பெரிசைட்டுக்கு, அதாவது தந்துகி எனும் நுண்ணிய இரத்தக் குழாயின் மேல் ஒட்டியிருக்கும் செல்லுக்கு, இங்கே ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். தாங்கு செல், துணைச் செல், கொழுகொம்புச் செல் என மூன்று வந்தன. மூன்றாவதைப் பார்த்ததும் மனம் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் தாண்டிக்குடிப் பக்கம் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கில்தான் மிளகுக் கொடி ஏறும். கொழுகொம்பு என்றால் இங்கே யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

நேற்று சரிந்த கொடியைத் தூக்கிக் கட்டும்போதுதான் இடித்தது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மரத்தைப் பிடித்திருப்பது கொடி. மரம் பாட்டுக்கு நிற்கிறது. பெரிசைட் விஷயம் தலைகீழ். அதுதான் தந்துகியின் வெளிப்புறத்தில் உட்கார்ந்து, கைகளை நீட்டிக் குழாயைச் சுற்றி வளைக்கிறது. குழாயின் உட்சுவர் செல்லுக்கும் இதற்கும் அடிச்சவ்வு என்ற மெல்லிய படலம் ஒன்றே, ஒரே கம்பளிக்குள் முடங்கிய இருவர் மாதிரி.

வரிசையும் உதைக்கிறது. தோட்டத்தில் கொம்பு முன்னே, கொடி பின்னே. திசுவில் புதுக் குழாய் முதலில் கிளைத்துவிடும். அப்புறம் அதன் உட்சுவர் செல்கள் பிடிஜிஎஃப்-பி என்ற புரதத்தைச் சுரந்து பெரிசைட்டை வரவழைக்கும். அது வந்து ஒட்டினால்தான் குழாய் நிலைக்கும். புற்றுக்கட்டிக் குழாய்கள் கசிவதற்கு இந்தப் பிடி தளர்ந்திருப்பதும் ஒரு காரணம்.

தாங்கு செல், துணைச் செல் இரண்டும் வேண்டாம். நரம்பிலும் விந்தகத்திலும் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. தவிர, இதன் வேலை தாங்குவது மட்டும்தானா? 1873-இல் பிரெஞ்சு உடலியலாளர் ரூஜே இதைச் சுருங்கக்கூடிய செல் என்றார். எந்தெந்தக் குழாயில் சுருங்குகிறது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 1923-இல் உடற்கூற்றியலாளர் சிம்மர்மன் பெரிசைட் என்று பெயர் வைத்தபோது வேலையைத் தொடவே இல்லை, ‘சுற்றியிருக்கும் செல்’ என்று இடத்தைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். நாமும் அப்படியே செய்யலாம்.

என் பரிந்துரை: தழுவு செல். வினைத்தொகை, ஒற்று மிகாது. கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “நீரிழிவில் விழித்திரைத் தந்துகிகள் தழுவு செல்களை இழக்கின்றன, பிடி விட்ட இடத்தில் சுவர் சிறு குமிழாகப் புடைக்கிறது.” நாக்கில் தடங்கவில்லை.

— தாண்டிக்குடியிலிருந்து

> தழுவு செல்

வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்களே ஐயா! ‘சூழ் செல்’ என்றால் அந்த வம்பில்லை.

— கோத்தகிரியிலிருந்து

சிரித்தால் மறக்காது, டீச்சர். ‘சூழ்’ என்றால் தொடாமலும் சூழலாம். மலையை மேகம் சூழ்வதுபோல. இது தொட்டுப் பிடித்திருக்கிறது, அதை விட மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, வேறு மறுப்பிருந்தால் அதற்குள் எழுதுங்கள். ‘செல்’லா ‘உயிரணு’வா என்ற சண்டையை மட்டும் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்வோம்.