இ-டெண்டருக்கு மாறினா சின்ன கான்ட்ராக்டருக்கு தாங்குமா?

கேள்வி:
நாங்க சின்ன கட்டுமான கம்பெனிங்க, இதுவரைக்கும் டெண்டர்னா கவர்ல போட்டு சீல் வச்சு பெட்டில போடறதுதான், இப்ப எல்லாமே ஆன்லைன்னு சொல்றாங்க, ஆபீஸ்ல டிஜிட்டல் சிக்னேச்சர்னா என்னன்னே யாருக்கும் தெரியல. நெஜமாவே லாபம் இருக்கா இல்ல வெறும் தலைவலியா?

பதில் 1:
தலைவலி முதல் ரெண்டு மூணு டெண்டருக்குத்தான். பெட்டி பக்கத்துலயே நின்னு யாரெல்லாம் போட வராங்கன்னு பாத்து மிரட்டற வேலை இதுல நடக்காது, ரேட்டு எல்லாம் திறக்கற நேரம் வரைக்கும் என்க்ரிப்ட் ஆகி, அதாவது யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் கிடக்கும். தென் கொரியால 2002லயே அரசு டெண்டருக்கு நாடு முழுக்க ஒரே போர்ட்டல் (வெப்சைட்) வந்துடுச்சு.

பதில் 2:
அதெல்லாம் சரி, ஆனா கூட்டு சேந்து போடறவன் போன்லயே ரேட்டை பேசி முடிச்சுடுவான், சாஃப்ட்வேர் என்ன பண்ணும்? எனக்கு நடந்தத சொல்றேன், கடைசி நாள், 20 நிமிஷம்தான் இருக்கு, ரேட் ஷீட் எக்செல்ல ஒரு காலம் (column) தலைப்பை மாத்தி வச்சிருந்தேன் போல, போர்ட்டல் ஏத்துக்கவே இல்ல, சரி பண்றதுக்குள்ள கரண்ட் போச்சு. டெண்டரும் போச்சு. முந்தின நாளே அப்லோட் பண்ணிடுங்க.

பதில் 3:
டிஜிட்டல் சிக்னேச்சர்னா கம்ப்யூட்டர்ல போடற கையெழுத்து, அது பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன்ல இருக்கும், அதோட எக்ஸ்பைரி தேதியையும் பாத்துக்கங்க. எங்க முதலாளி டோக்கனை பையிலயே வச்சுக்கிட்டு வெளியூர் போயிடுவாரு :)

கேட்டவர்:
நன்றிங்க. முதல்ல டோக்கன் வாங்கறேன்.