அது காதல் கதையா, பயந்தவன் கதையா?

மலையோரம்:
ஆனி ப்ரூ எழுதிய ‘ப்ரோக்பேக் மவுண்டன்’ கதையை நேற்று ராத்திரி இரண்டாம் முறையாகப் படித்தேன். 2005இல் ஆங் லீ எடுத்த படத்தைப் பார்த்தவர்கள்தான் நம்மில் அதிகம், மூலக்கதை 1997இல் நியூ யார்க்கர் பத்திரிகையில் வந்தது, நாவல்கூட இல்லை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 1963 கோடையில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மலையில் ஆடு மேய்க்கப் போகும் எனிஸ், ஜாக் என்று இருபது வயதுகூட ஆகாத இரண்டு பையன்கள், அங்கே தொடங்கும் உறவு, இறங்கி வந்ததும் ஆளுக்கொரு கல்யாணம், அப்புறம் வருடக்கணக்காக வீட்டில் ‘மீன் பிடிக்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு எப்போதாவது ஒரு சந்திப்பு. இருபது வருட வாழ்க்கையை இத்தனை சின்ன இடத்தில் அடைத்திருக்கிறாரே! கௌபாய் காதல் கதை என்றால் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பேன். மறுப்பவர்கள் வரலாம்.

கறார்வாசகி:
வந்துவிட்டேன். முதலில் அவர்கள் கௌபாய்களே இல்லை, மேய்ப்பது செம்மறி. இரண்டாவது, நீங்கள் மெச்சுகிற அந்தச் சுருக்கம்தான் எனக்குப் பிரச்சினை. மலையில் நாலு பேச்சு, கொஞ்சம் விஸ்கி, ஒரு குளிர் ராத்திரி, ஒரே கூடாரம், சில வரிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. காதல் எங்கே முளைத்தது, எப்படி வளர்ந்தது என்று காட்டவே இல்லை, 20 வருட ஏக்கத்தை மட்டும் நாம் நம்ப வேண்டுமாம். மூன்றாவது, தன்பாலீர்ப்புக் காதல் என்றாலே ஒருத்தன் செத்தாக வேண்டுமா? சலித்துப் போன முடிவு.

பழையபேப்பர்:
செத்தாக வேண்டும் என்பதற்காகச் சாகவில்லை தோழி. ஜாக் ‘ஒரு சின்னப் பண்ணை போட்டுச் சேர்ந்து இருப்போம்’ என்று கேட்கும்போது எனிஸ் என்ன சொல்கிறான்? ஊரில் சேர்ந்து வாழ்ந்த இரண்டு ஆண்களில் ஒருவரை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்று வாய்க்காலில் போட்டிருந்தார்கள், ஒன்பது வயதுப் பையனான அவனை அப்பாவே கூட்டிப் போய் அந்தப் பிணத்தைக் காட்டினார். அப்பாவே அந்த வேலையைச் செய்திருக்கலாம் என்றும் அவனுக்குச் சந்தேகம். அந்தப் பிணத்தைப் பார்த்தவன் பண்ணைக்கு ஒத்துக்கொள்வானா? மிகை என்று தோன்றினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கதை வந்தது 1997 அக்டோபரில். அடுத்த வருடம் அதே அக்டோபரில் அதே வயோமிங்கில், லாரமி ஊரில், மாத்யூ ஷெப்பர்ட் என்ற தன்பாலீர்ப்பு மாணவரை அடித்து வேலியில் கட்டிப் போட்டார்கள், சில நாளில் இறந்தார்.

கறார்வாசகி:
பயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போது இது எனிஸின் பயத்தைப் பற்றிய கதை, காதல் கதை என்ற பெயர் எதற்கு? அந்தப் பயத்துக்கு விலை கொடுத்த பெண்களுக்கு இதில் எத்தனை வரி?

மலையோரம்:
எனிஸின் மனைவி ஆல்மாவுக்கு நிறையவே இருக்கிறது. நாலு வருடம் கழித்து ஜாக் வரும்போது மாடிப்படியில் இருவரும் கட்டிப்பிடித்து முத்தமிடுவதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறாள். அப்புறம் ஒரு முறை மீன்பிடிப் பெட்டியைத் திறக்கிறாள், வாங்கி ஐந்து வருடம் ஆகியும் விலைச்சீட்டுகூடப் பிய்க்கவில்லை. தூண்டில் கயிற்றின் நுனியில் ‘கொஞ்சம் மீன் கொண்டு வா’ என்று ஒரு சீட்டைக் கட்டிவிடுகிறாள். எனிஸ் திரும்பி வந்து நிறைய மீன் பிடித்தோம், அங்கேயே தின்றுவிட்டோம் என்கிறான். சீட்டு கட்டின இடத்திலேயே இருக்கிறது! இந்த ஒரு சீட்டில் அவளுடைய முழு இல்லறமும் இருக்கிறது.

கறார்வாசகி:
சரி, ஆல்மாவை விட்டுக்கொடுக்கிறேன், அந்தச் சீட்டு என்னையும் என்னவோ செய்தது. லுரீன்? ஜாக்கின் மனைவி கடைசியில் தொலைபேசிக் குரலாக மட்டும்தான் வருகிறாள்.

பழையபேப்பர்:
அந்தக் குரல்தான் எனக்குக் கதையிலேயே பயங்கரமான இடம். டயர் வெடித்து, ரிம் முகத்தில் அடித்து ஜாக் இறந்தான் என்கிறாள். எனிஸ் முதலில் இரும்புக் கம்பியோ என்று சந்தேகப்படுகிறான், பிறகு ஜாக்கின் அப்பா வாயிலிருந்து இன்னொரு ஆண் விஷயம் வந்ததும் அப்படித்தான் என்று முடிவே கட்டுகிறான். ஆனால் அவன் ஒன்பது வயதிலிருந்து அந்தக் கம்பியைத் தலைக்குள் சுமக்கிறவன், அவன் முடிவை எவ்வளவு நம்பலாம்? என்ன நடந்தது என்று ஆசிரியர் கடைசிவரை வாயைத் திறப்பதில்லை. நீங்கள் சொன்ன ‘சலித்துப் போன முடிவு’ இப்படியா இருக்கும்?

மலையோரம்:
இடையில் ஒன்று, சிரிக்காதீர்கள். மலையில் கூடுகிறார்கள், அசல் குறிஞ்சி என்று படிக்கும்போதே தோன்றியது.

கறார்வாசகி:
ஆடு மேய்க்கிறவர்களை முல்லையில் அல்லவா வைக்க வேண்டும்? முல்லைக்குக் காத்திருத்தல்தானே உரிப்பொருள், 20 வருடமும் அதைத்தான் செய்தார்கள். சரி, கடைசிக் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்கின் அறையில் அவன் சட்டைக்குள் எனிஸின் பழைய சட்டையைச் செருகி வைத்திருப்பது கிடைக்கிறதே, அது அழ வைப்பதற்காகவே கடைசியில் கொண்டுவந்து மாட்டிய மாதிரி இருக்கிறது.

மலையோரம்:
கடைசியில் மட்டும் இல்லையே? முதல் பக்கத்திலேயே இருக்கிறது. வயதான எனிஸ் விடியும் முன் எழுந்திருக்கிறான், காற்று வீசுகிறது, ஆணியில் தொங்கும் சட்டைகள் லேசாக ஆடுகின்றன. யாருடையவை என்று அப்போது நமக்குத் தெரியாது.

கறார்வாசகி:
என் பிரதியில் அப்படி எதுவும் இல்லை. மலை வேலைக்குப் போவதற்கு முன்னால் அவர்கள் வளர்ந்த கதையிலிருந்துதான் தொடங்குகிறது.

பழையபேப்பர்:
நீங்கள் படித்தது பத்திரிகை வடிவம். அந்த முன்பகுதி அதில் வரவில்லை, 1999இல் வந்த ப்ரூவின் சிறுகதைத் தொகுப்பில்தான் இருக்கிறது.

கறார்வாசகி:
அடப்பாவமே. தொகுப்பு யாரிடமாவது இருந்தால் ஒரு வாரம் கடன் கொடுங்கள். சட்டை விஷயத்தை மட்டும் நிறுத்தி வைக்கிறேன், லுரீன் விஷயத்தில் மாற மாட்டேன்.