பக்கத்து வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, நாங்களும் வாங்க வேண்டுமா?

தேவிபட்டினம் மருமகள்:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் நேற்றுப் பள்ளியிலிருந்து வந்ததும் குளியலறைக்குள் போய், விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாகக் குந்திக்கொண்டான். கேட்டதற்கு, "கெட்டவர் வந்தால் இப்படித்தான் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார்" என்றான். மாலையில் பால் வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இருந்தவரின் இடுப்பில் துப்பாக்கி தொங்கியது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பக்கத்து வீட்டிலும் துப்பாக்கி இருக்கிறதாம். வீட்டில் ஒன்று இருந்தால்தான் பாதுகாப்பு என்று சொல்லி, என் கணவரை அவருடைய அலுவலக நண்பர் வரும் சனிக்கிழமை கடைக்கு அழைத்துப் போகிறாராம். சட்டம் கடுமையாக உள்ள இடங்களில் உண்மையிலேயே கொலையும் குற்றமும் குறைவா? நாங்கள் வேறு ஊருக்கு மாறிவிடலாமா? இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை.

கீழக்கரை காக்கா, துபாய்:
தங்கச்சி, பயப்படாதீர்கள். நான் 1998இல் இங்கு வந்தபோது ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்திருந்தோம்; முதல் ஐந்து மாதச் சம்பளம் கடனுக்கே போனது; நோன்புப் பெருநாளன்று ஊருக்குப் பேசக்கூடக் கையில் காசில்லை. ஆனால் அந்த வறுமையிலும் நள்ளிரவில் தனியாக நடந்து அறைக்குத் திரும்பியிருக்கிறேன், ஒரு நாளும் அஞ்சியதில்லை. இங்கே துப்பாக்கி வைத்திருக்க அனுமதி பெறுவது எளிதன்று. சட்டம் கடுமையாக இருந்தால் குற்றம் இருக்காது. ஆகவே கணவரை வளைகுடாவில் வேலை தேடச் சொல்லுங்கள்.

பாம்பன்காரன், ஹூஸ்டன்:
காக்கா, அவர் கேட்டது வேலை மாற்றத்தைப் பற்றியல்ல. நான் 2003இல் இங்கு வந்து ஒரு பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்த்தேன். இரண்டாவது மாதமே ஒருவன் கல்லாவின் மேல் கைத்துப்பாக்கியை வைத்தான். அதன் குழலில் துரு ஏறியிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவன் எந்த உரிமத்தையும் கேட்டு வாங்கியிருக்க மாட்டான். சட்டம் நேர்மையானவனைத்தான் கட்டுப்படுத்தும், திருடனை அல்ல. சிகாகோவில் சட்டம் கடுமை, அங்குதான் பிணங்கள் விழுகின்றன. சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி, அங்கே கொலை மிகக் குறைவு. குடியுரிமை கிடைத்தவுடன் நான் முதலில் வாங்கியது துப்பாக்கிதான்.

மண்டபம் தம்பி, மெல்போர்ன்:
அண்ணன் சொன்ன இரண்டு உதாரணங்களும் பாதி உண்மைகள். சுவிட்சர்லாந்தில் வாங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். படைவீரர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளத் தோட்டா கொடுப்பதையும் 2007இல் நிறுத்திவிட்டார்கள். சிகாகோவைப் பொறுத்தவரை, அங்கே கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் வெளி மாநிலங்களிலிருந்து, அதிலும் குறிப்பாகப் பக்கத்து இந்தியானாவிலிருந்து, வந்தவை என்று அந்நகர நிர்வாகமே 2017 அறிக்கையில் கூறியது. இது நம் கடற்கரைக்காரர்களுக்குப் புரியாத கணக்கா? இலங்கை மஞ்சள் இறக்குமதிக்குத் தடை விதித்தபோது நம் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் படகில் மஞ்சள் போனதே! ஒரு கரையில் தடையும் மறுகரையில் தாராளமும் இருந்தால் சரக்கு கடல் தாண்டத்தான் செய்யும். தடையே வீண் என்று அதற்குப் பொருளாகாது.

இங்கே 1996 ஏப்ரலில் தாஸ்மானியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் அரைத் தானியங்கி (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) வகைத் துப்பாக்கிகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்து, ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கி அழித்தது. "தற்காப்புக்காக" என்று காரணம் சொன்னால் இங்கே உரிமம் தரமாட்டார்கள். துப்பாக்கி மரணங்கள் அதன்பின் குறைந்தன. ஆனால் முன்பிருந்தே அவை குறைந்துகொண்டுதான் இருந்தன என்பதால், சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

தொண்டி வாத்தியார்:
நான் ஊரிலேயே இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியன், பிள்ளைகள் வெளிநாட்டில். துப்பாக்கி இல்லாததால் நம் மாவட்டம் அமைதிப் பூங்கா என்று யாரும் நினைக்க வேண்டாம். வரப்புத் தகராறுக்கே அரிவாளைத் தூக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அரிவாளோடு வருபவனிடமிருந்து ஓடலாம், கதவைச் சாத்தலாம், நான்கு பேர் சேர்ந்து பிடிக்கலாம். என் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைச் சாக்கில் சுற்றி, மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, ரசீதை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு திரும்புவார். நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி ஓர் உரிமையல்ல, அரசு தரும் அனுமதி. முன்பு ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம். 2019இல் அதையும் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள்.

உச்சிப்புளி, நியூ ஜெர்சி:
இந்த நாட்டின் முறையே எனக்கு விளங்கவில்லை, ஐயா. கடன் வரலாறு இல்லை என்று வீட்டுக்காரர் என்னிடம் மூன்று மாத முன்பணம் கேட்டார். ஓட்டுநர் உரிமத்துக்கு நான்கு முறை அலைந்தேன்; முகவரிச் சான்றில் ஓர் எழுத்து மாறியிருந்ததற்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் பல மாநிலங்களில் போன அன்றே துப்பாக்கியோடு வீடு திரும்பலாமாம்!

பாம்பன்காரன், ஹூஸ்டன்:
கடையில் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு, தம்பி; வாங்குபவர்மேல் குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1993இல் வந்த பிரேடி சட்டம் அது. ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிப் பேசினால் எனக்கும் கோபம்தான். முதல் கோடையில் கார் இல்லாமல் வெயிலில் நான் நடந்த தூரத்துக்குத் தனுஷ்கோடிக்கே போய் வந்திருக்கலாம்.

தங்கச்சிமடம் செவிலியர், கனெக்டிகட்:
எல்லோரும் அவரவர் முதல் வருடத்தைச் சொல்லி முடித்துவிட்டீர்கள் என்றால் கேள்விக்கு வருகிறேன். தேவிபட்டினம் தங்கை, நீங்கள் இரண்டு முக்கியமான விவரங்களைச் சொல்லவில்லை. எந்த மாநிலம்? எந்த விசா? இந்த இரண்டும் தெரியாமல் உங்களுக்கு யார் சொல்வதும் பயன்படாது.

தேவிபட்டினம் மருமகள்:
மன்னியுங்கள், அக்கா. டெக்சாஸ், டாலஸ் அருகில். கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, எனக்கும் மகனுக்கும் அவரைச் சார்ந்தவர்கள் என்ற முறையில் ஹெச்-4.

தங்கச்சிமடம் செவிலியர், கனெக்டிகட்:
அப்படியானால் சனிக்கிழமைப் பயணத்தை இன்றே நிறுத்துங்கள். உங்களுடையதைப் போன்ற குடியேற்றமல்லாத, அதாவது தற்காலிக, விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. 2022க்குப் பிறகு அதற்கான தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம். கடையில் நிரப்பும் படிவத்திலேயே விசா பற்றிய கேள்வி உண்டு, அதில் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். வேட்டை உரிமம் எடுத்தால் விலக்கு உண்டு என்று அந்த நண்பர் சொல்லக்கூடும். விலக்கு இருப்பது உண்மைதான், ஆனால் வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். சுடும் பயிற்சிக் கூடத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூடச் சிக்கலாகலாம். பாம்பன் அண்ணன் குடிமகன். அவருக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது.

இனி, சட்டத்தால் பயன் உண்டா என்ற உங்கள் கேள்வி. எல்லோரும் திருடனையும் கொலைகாரனையும் பற்றியே பேசினீர்கள். 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், கொலையுண்டவர்கள் 20,958 பேர். அவசரப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கும் எனக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மனம் உடைந்த ஓர் இரவைக் கடந்துவிட்டவர்கள் பலர் மறுநாள் காலையில் என்னிடம் காப்பி கேட்டிருக்கிறார்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தவர்களில் பலருக்கு அந்தக் காலை வாய்க்கவில்லை. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டங்கள் இளையோர் தற்கொலையையும் தவறுதலாகச் சுட்டுக்கொள்வதையும் குறைக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக, நூற்றுக்கணக்கான ஆய்வுகளை அலசிய ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் சொல்கிறது. நான் இருக்கும் கனெக்டிகட்டில் 1995 முதல் கைத்துப்பாக்கி வாங்க முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெற வேண்டும். அதன்பின் இங்கே துப்பாக்கிக் கொலைகள் குறைந்ததையும், அதே போன்ற சட்டத்தை 2007இல் நீக்கிய மிசௌரியில் அவை கூடியதையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். திருட்டும் வழிப்பறியும் இச்சட்டங்களால் குறையும் என்று என்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த அளவில் பாம்பன் அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக வந்த மூன்றாம் வாரத்திலேயே ஊர் மாற வேண்டியதில்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே பலரும் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வரலாம் என்பதால், நீங்கள் கடையில் கண்டது அங்கே அன்றாடக் காட்சி. காவலர் காரை நிறுத்தினால் இரு கைகளையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். கேட்ட பிறகே பையைத் திறங்கள். துப்பாக்கியோடு யாரேனும் புகுந்தால் ஒளிந்துகொள்ளப் பழக்கும் ஒத்திகைதான் உங்கள் மகன் செய்து காட்டியது; பள்ளியில் அடுத்த ஒத்திகை நாளை முன்கூட்டியே சொல்லும்படி கேளுங்கள், முந்தைய இரவே மகனிடம் பேசிவிடலாம். அவன் யார் வீட்டுக்கு விளையாடப் போனாலும், "துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். இங்கே அது நாகரிகக் குறைவல்ல. 17 வயதுக்குட்பட்டவர் கையில் கிடைக்கும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸிலேயே குற்றம்தான்.

பாம்பன்காரன், ஹூஸ்டன்:
விசா விவரம் தெரிந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். என்னுடையதும் இரும்புப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, தங்கச்சி. கல்லூரிக்குப் போகும் என் மகளுக்குக்கூட அதன் எண் தெரியாது.

தேவிபட்டினம் மருமகள்:
படித்துக் காட்டியதும் கணவர் நண்பருக்குத் தொலைபேசியில் மறுத்துவிட்டார். இன்று மாலை பக்கத்து வீட்டு அம்மாளிடம் கூச்சத்தோடு கேட்டேன். அவர் சிறிதும் கோபப்படாமல் உள்ளே அழைத்துப் போய், அலமாரிக்குள் இருந்த பூட்டிய பெட்டியைக் காட்டினார். சாவி அதே அலமாரியின் பக்கவாட்டில், என் மகனின் தோள் உயரத்தில் அடித்திருந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கச்சிமடம் செவிலியர், கனெக்டிகட்:
அந்த வீட்டுப் பையனை உங்கள் வீட்டுக்கு விளையாட வரச் சொல்லுங்கள்.