மையக்கோட்டுக்கு எப்போது பெயர் எழுத வேண்டும்?

வரைபலகை (கேள்வி):
வணக்கம். ஒரு பம்ப், அதை ஓட்டும் மோட்டார், இரண்டையும் தாங்கும் பேஸ் பிரேம் ஆகியவை சேர்ந்த ஜிஏ டிராயிங் (முழு அமைப்பையும் காட்டும் பொது அமைப்பு வரைபடம்) ஒன்றைத் தயாரித்து வருகிறேன். மேல்தோற்றத்தில் ஷாஃப்டின் அச்சு, உறிஞ்சு குழாய்வாய், வெளியேற்று குழாய்வாய், பிரேமின் நடுக்கோடு, அடித்தளப் போல்ட் வரிசைகள் என்று மையக்கோடுகள் நெருக்கமாக வருகின்றன. சி எழுத்தின் மீது எல் எழுத்தை ஏற்றி எழுதும் சிஎல் (சென்டர் லைன், அதாவது மையக்கோடு) குறியை எல்லாக் கோடுகளிலும் இட்டிருந்தேன். சரிபார்த்தவர் பெரும்பாலானவற்றை அடித்துவிட்டு, "கோடே சொல்கிறது, குறி எதற்கு?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். வேறொரு மூத்தவரோ, குறி இல்லாத மையக்கோடு அரைகுறை என்கிறார். இருவரில் யார் சொல்வதைப் பின்பற்றுவது? ஷாஃப்டின் அச்சும் பிரேமின் நடுக்கோடும் மேல்தோற்றத்தில் ஒரே கோட்டில் விழும்போது என்ன எழுதுவது? அளவுகளைச் சிஎல்லிலிருந்து கொடுத்துவிட்டால் அதுவே போதுமா?

கூர்முனை:
சரிபார்த்தவர் சொன்னதில் பாதி சரி. நீண்ட கோடும் புள்ளி அல்லது சிறு கோடும் மாறி மாறி வரும் மெல்லிய கோடு என்றாலே அது மையக்கோடு அல்லது சமச்சீர்க்கோடு என்பது ஐஎஸ்ஓ 128 (சர்வதேசம்), ஏஎஸ்எம்இ ஒய்14.2 (அமெரிக்கா) ஆகிய இரண்டு வரைபடத் தரநிலைகளிலும் உள்ள வழக்கம். எனவே தனி உதிரிபாக வரைபடத்தில், ஒரு துளையின் நடுவே செல்லும் கோட்டின் மீது சிஎல் என்று எழுதுவதால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை, தாள்தான் நெரிசலாகிறது.

உங்கள் ஜிஏ டிராயிங்கில் நிலைமை வேறு. அங்கே படிப்பவரின் கேள்வி "இது மையக்கோடா?" என்பதல்ல, "இது எதனுடைய மையக்கோடு?" என்பதே. ஆகவே வெறும் சிஎல் குறி அங்கே உதவாது. "சிஎல் ஷாஃப்ட்", "சிஎல் உறிஞ்சு வாய்" என்று உரிய பாகத்தின் பெயரோடு எழுதுங்கள். ஒரு தோற்றத்தில் எழுதிய பெயரையே மற்றத் தோற்றங்களிலும் எழுத்துப் பிசகாமல் பயன்படுத்த வேண்டும். மேல்தோற்றத்தில் "பம்ப்" என்றும் பக்கத்தோற்றத்தில் "ஷாஃப்ட்" என்றும் இருந்தால், படிப்பவர் இரண்டு வெவ்வேறு கோடுகளைத் தேடத் தொடங்குவார்.

எழுதும் இடத்தையும் கவனியுங்கள். மையக்கோடு பாகத்தின் புறக்கோட்டைச் சற்றே தாண்டி நிற்க வேண்டும். பெயர் எழுதும் கோடுகளை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டி, தோற்றத்துக்கு வெளியே, கோட்டின் முனையில் எழுதினால் தெளிவாக இருக்கும். கோட்டின் நடுவில் இடைவெளி விட்டு எழுத்தைச் செருகினால், இயல்பான இடைவெளி எது, எழுத்துக்காக விட்டது எது என்று தெரியாமல் போகும். ஒரு தோற்றத்தின் மையக்கோட்டை அடுத்த தோற்றம் வரை இழுத்துச் செல்லாதீர்கள். மையக்கோட்டை நீட்டி, அளவுக்கோடு வந்து தொடும் நீட்சிக்கோடாகப் பயன்படுத்தலாம்; ஆனால் அதன் மீதே அம்புக்குறி இட்டு அளவுக்கோடாக மாற்றக் கூடாது.

அளவி:
நான் தர ஆய்வுப் பக்கத்தில் இருப்பவன் என்பதால், உங்கள் மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போதாது. பெயர் எழுதுவது ஒரு கோட்டை அடையாளம் காட்டும். அந்த மையம் எந்தப் பரப்பிலிருந்து பிறக்கிறது என்பதைச் சொல்லாது.

200 மி.மீ. அகலமுள்ள ஒரு தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பெரிய போர் (குடைந்த உருளைத் துளை), அதன் இருபுறமும், ஒன்றுக்கொன்று 120 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே மையக்கோடு, அதன் மேல் அழகாகச் சிஎல் குறி. அகலத்துக்கு ±1 டாலரன்ஸ் (அனுமதிக்கும் விலகல்). தகடு 200.8 ஆக வந்து, போரை இடது விளிம்பிலிருந்து சரியாக 100-இல் போட்டுவிட்டார்கள் என்றால், தகட்டின் உண்மையான நடு 100.4-இல் இருக்கும். இப்போது இடது துளை விளிம்பிலிருந்து 40-இல் இருக்க வேண்டுமா, 40.4-இல் இருக்க வேண்டுமா? போரை மையமாகக் கொள்பவர் ஒரு விடையும், தகட்டை மையமாகக் கொள்பவர் வேறு விடையும் சொல்வார்கள். வரைபடம் இருவரையும் மறுக்காது. துளைகளுக்கான டாலரன்ஸ் 0.2 என்றால், பாகம் தேறுவதும் கழிக்கப்படுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

இதற்குத் தீர்வு டேட்டம், அதாவது அளவுகளுக்கு ஆதாரமாகக் கொள்ளும் பரப்பு அல்லது அச்சு. அந்த டேட்டம் முக்கோணத்தைக் கொண்டுபோய் மையக்கோட்டின் மீது ஒட்டுவதைப் பல வரைபடங்களில் பார்க்கிறேன், டாலரன்ஸ்களுக்கான தரநிலையான ஏஎஸ்எம்இ ஒய்14.5 அதை அனுமதிப்பதில்லை. காரணம் எளிது. மையக்கோடு என்பது கற்பனை. அதை யாரும் தொட்டு அளக்க முடியாது. போரின் அச்சு வேண்டுமென்றால், போரின் விட்ட அளவோடு சேர்த்து, அளவுக்கோட்டின் நேரே டேட்டம் குறியை இடுங்கள். தகட்டின் நடுத்தளம் வேண்டுமென்றால் அகல அளவோடு அதே போல் இடுங்கள். பிறகு துளைகளுக்கு அந்த டேட்டத்தைச் சுட்டும் பொசிஷன் டாலரன்ஸ் (இருப்பிட விலகலுக்கான வரம்பு) கொடுங்கள். 2018 பதிப்பிலிருந்து சமச்சீர்மை, ஒருமையத்தன்மை ஆகிய இரு குறிகளையும் ஒய்14.5 நீக்கிவிட்டது, அதற்கு இணையான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 1101 அவற்றை இன்னும் வைத்திருக்கிறது. எந்தத் தரநிலையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைத் தலைப்புக் கட்டத்தில் எழுதாவிட்டால், இந்த வேறுபாடே தனி வழக்காகிவிடும்.

நிலைநிறுத்துனர்:
கூர்முனை சொன்னதில் ஒரு சிறு மாறுபாடு உண்டு. தளத்தில் இயந்திரத்தை நிறுத்துபவர்கள் ஜிஏ டிராயிங்கை வைத்துக்கொண்டு தரையில் நூல் பிடித்து மையம் குறிக்கிறார்கள். எனவே எந்தக் கோட்டிலிருந்து ஒரேயொரு அளவாவது புறப்படுகிறதோ, அந்தக் கோட்டுக்குப் பெயர் இருந்தே ஆக வேண்டும், வரைந்தவர் கண்ணுக்கு அது எவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தாலும் சரி. எந்த அளவும் புறப்படாத கோடுகளுக்கு வேண்டாம். உங்கள் மூத்தவர் சொன்னதை இந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் அவரும் சரிதான்.

ஷாஃப்டும் பிரேமும் ஒரே கோட்டில் விழுவது பற்றிக் கேட்டீர்கள். "சிஎல் ஷாஃப்ட் மற்றும் பிரேம்" என்று இரண்டு பெயரையும் ஒரே குறியில் எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் பற்றவைத்துச் செய்த பிரேம் ஷாஃப்டைப் போலத் துல்லியமாக இருக்காது. இரண்டும் தளத்தில் அப்படியே பொருந்தும் என்று நம்புவதற்கில்லை. ஆகையால் குழாய்வாய்களின் அளவுகளையும் அடித்தளப் போல்ட்களின் அளவுகளையும் ஷாஃப்டின் மையக்கோட்டிலிருந்தே கொடுத்து, குறியில் ஷாஃப்டின் பெயரை மட்டும் எழுதுங்கள். பிரேமின் விளிம்புகளுக்கான அளவும் அதே கோட்டிலிருந்து போகட்டும். பிரேமுக்கென்று ஒரு நடுக்கோடு அப்போது தேவையே இல்லை.

வரைபலகை:
மிக்க நன்றி. அப்படியானால் என் வரைபடத்தில் பெயர் தேவைப்படும் கோடுகள் மூன்றுதான் என்று புரிகிறது. இன்னும் ஒன்று: பம்ப், மோட்டார் ஷாஃப்டுகளை இணைக்கும் கப்ளிங்கைத் தனித் தாளில் பாதி மட்டும் வரைந்திருக்கிறேன். வெட்டுப்பட்ட பக்கத்தில் உள்ள மையக்கோட்டுக்காவது சிஎல் குறி இடலாமா?

கூர்முனை:
வேண்டாம். பாதித் தோற்றத்துக்கென்றே ஐஎஸ்ஓ வழக்கில் தனிக் குறி இருக்கிறது: சமச்சீர்க்கோட்டின் இரு முனைகளிலும், அதற்குச் செங்குத்தாக, இரண்டு சிறிய இணைகோடுகள். அதைப் பார்த்ததும் மறுபாதி அப்படியே இருக்கிறது என்று படிப்பவர் புரிந்துகொள்வார். விட்ட அளவுகளின் அளவுக்கோட்டை மையக்கோட்டுக்கு அப்பால் சற்றே நீட்டி, ஒரு பக்கம் மட்டும் அம்புக்குறி இடுங்கள். இல்லாவிட்டால் 90 மி.மீ. விட்டத்தை ஆரம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

அளவி:
கோட்டின் வடிவத்தையும் ஒரு முறை பாருங்கள். ஐஎஸ்ஓ 128-2 (முன்பு 128-20) கணக்குப்படி நீண்ட கோடு என்பது கோட்டின் தடிப்பைப் போல 24 மடங்கு, இடைவெளி 3 மடங்கு. 0.25 தடிப்புக்கு அது 6 மி.மீ., 0.75 மி.மீ. என்று வரும். கேட் (கணினி வரைபட) மென்பொருளில் லைன்டைப் ஸ்கேல், அதாவது கோடு-இடைவெளி நீளத்தின் அளவீடு, தவறாக இருந்தால், மையக்கோடு தொடர்கோடாகவே அச்சாகும். அப்போதுதான் பலர் சிஎல் குறியை எழுதிச் சமாளிக்கிறார்கள். மிகச் சிறிய துளைகளுக்கு மெல்லிய தொடர்கோட்டையே மையக்கோடாக இடலாம் என்பது வேறு விஷயம்.

நிலைநிறுத்துனர்:
அந்தக் குறியைத் தனி எழுத்துருவில் இட்டிருந்தால், கோப்பைப் பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது அங்கே கேள்விக்குறியோ வெற்றுக் கட்டமோதான் தெரியும். குறியைக் கோடுகளால் வரைந்து பிளாக் (ஒரே தொகுப்பாகச் சேமித்த வரைவு) ஆகச் செருகுங்கள். அனுப்பும் முன் பிடிஎஃப் ஆக்கி, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.