பைஃபெரோசீனியம்: இரண்டு இரும்பிலும் ஒரே ஸ்பின், எங்கே தப்பு?

நெல்லிக்கனி: பைஃபெரோசீன் (இரண்டு ஃபெரோசீன் அலகுகள் இணைந்த இரும்பு மூலக்கூறு) +1 அயனிக்கு டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துச் செய்யும் குவாண்டம் கணக்கு) ஓட்டினேன். ஒரு இரும்பு +2, இன்னொன்று +3 என்று வர வேண்டும். இரண்டிலும் ஸ்பின் அடர்த்தி (இணை சேராத எலக்ட்ரானின் பங்கு) 0.6 சொச்சம்தான் வருகிறது. மூன்று நாள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும்.

மணல்மேடு: எந்த ஃபங்ஷனல் (டிஎஃப்டியின் தோராயச் சூத்திரம்)? வாயு நிலையா, கரைப்பான் சேர்த்ததா? ஆரம்ப வடிவம் எங்கிருந்து எடுத்தீர்கள்?

தாமிரபரணி77: பேசிஸ் செட் (ஆர்பிட்டால்களை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பு) சின்னதாக இருக்கும். ட்ரிபிள்-ஜீட்டா மாதிரி பெரியது போடுங்கள், சரியாகிவிடும்.

மணல்மேடு: பேசிஸ் பெரிதானால் மட்டும் எலக்ட்ரான் ஒரு பக்கம் ஒதுங்காது.

பழையகணக்கு: ராபின்-டே வகைப்பாடு (இரு உலோகங்களுக்கிடையே எலக்ட்ரான் எவ்வளவு பரவுகிறது என்று பிரிப்பது) வந்தது 1967-இல். அதைப் படிக்காமல் கணக்கு ஓட்டினால் இப்படித்தான் ஆகும். இது இரண்டாம் வகை, எலக்ட்ரான் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். மொஸ்பவர் நிறமாலையில் (இரும்பு அணுக்கருவின் காமா கதிர் உறிஞ்சல்) இரண்டு இரும்பும் தனித்தனி இரட்டைக் கோடுகளாகத் தெரியும். முதலில் அடிப்படை.

கடலோரம்: ஏன் கட்டாயம் பிரிய வேண்டும்? இரட்டை ஃபுல்வாலீன் டை-இரும்பு அயனியில் ஒரே இரட்டைக் கோடுதானே?

பழையகணக்கு: அதில் பாலம் இரண்டு, இங்கே ஒன்று. வேறு மூலக்கூறு அது.

நெல்லிக்கனி: மன்னிக்கவும், சொல்ல விட்டுவிட்டேன். ஃபங்ஷனல் பிபி86, வாயு நிலை, சி2எச் சமச்சீர்.

மணல்மேடு: அங்கேதான் சிக்கல். சி2எச் போட்டால் இரண்டு இரும்பும் ஒன்றுக்கொன்று சமம், பிரிய வழியே இல்லை. சமச்சீரை அணைத்துவிட்டு, ஒரு பக்க வளையங்களை இரும்பிலிருந்து 0.05 ஆங்ஸ்ட்ராம் தள்ளி வையுங்கள். ஒரு பக்கம் ஃபெரோசீன், மறுபக்கம் ஃபெரோசீனியம் என்று ஃப்ராக்மென்ட் கெஸ் (துண்டுகளாகத் தரும் தொடக்க ஊகம்) கொடுங்கள். பிபி86-இல் ஹார்ட்ரீ-ஃபாக் பரிமாற்றம் கிடையாது. அதனால் தன்-இடைவினைப் பிழை (எலக்ட்ரான் தன்னையே விலக்குவதாகக் கணக்காவது) எலக்ட்ரானைப் பரப்பிவிடும். பி3எல்ஒய்பி ஃபங்ஷனலில் அந்தப் பரிமாற்றம் 20 சதவீதம் உண்டு. சிபிசிஎம் என்ற கரைப்பான் மாதிரியும் சேருங்கள்.

கடலோரம்: விடை வரும்வரை சதவீதத்தை ஏற்றுவது ஆராய்ச்சியா?

மணல்மேடு: நியாயமான கேள்வி. ஒரு சதவீதத்தை முடிவு செய்து, அதே அமைப்பில் ஃபுல்வாலீன் அயனியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அது பரவி, இது பிரிந்தால் நம்பலாம். 35 சதவீதம் வரை ஏற்றினால் எதுவும் பிரியும் என்று சொல்பவர்களும் உண்டு.

பழையகணக்கு: எதிர் அயனியையும் மறக்கக் கூடாது. டை-ஆல்கைல் பதிலிகள் உள்ள சில ட்ரைஅயோடைடு உப்புகளில் சூடு ஏற ஏற இரண்டு இரட்டைக் கோடுகளும் ஒன்றாகிவிடும். படிகத்துக்கும் பங்கு உண்டு.

தாமிரபரணி77: நான் இன்னும் பேசிஸ்தான் என்கிறேன்.

நெல்லிக்கனி: சமச்சீர் எடுத்தேன், பி3எல்ஒய்பி, சிபிசிஎம். ஒரு பக்கம் 1.2, மறுபக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஃபுல்வாலீன் இப்போது ஓடுகிறது. நன்றி அண்ணா.